செவ்வந்தி காட்டிய வீடுகள்

போன ஆவணி மாதம் செவ்வந்தி அக்கா ஏணியிலிருந்து விழுந்தார். விழுந்தது கீழக்கரையில் ஒரு கல்யாண வீட்டின் உள்கூடத்தில். இடது முட்டி பிசகியது. கையில் இருந்த சுண்ணாம்பு வாளி தலையில் கவிழ்ந்தது. வீட்டுப் பெண்கள் ஓடிவந்து தூக்கியபோது அக்கா முதலில் கேட்டது, "செவத்துல கோடு விழுந்துருச்சா, பாருங்க." அதற்கப்புறம்தான் கால் வலிக்கிறது என்றாராம்.

டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், இனி ஏணி கூடாது என்று. ஐம்பத்தோரு வயதில், அதில் இருபத்தாறு வருடத்தை ஏணியிலேயே கழித்த ஒருத்தரிடம் இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அக்காவுக்கு அது ஜீரணமாக நாலு மாதம் ஆனது.

நான் யுவராணி. ஊர் உச்சிப்புளி, வேலை ராமநாதபுரத்தில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸில். வேன் ஏற்பாடு செய்வது, ரூம் போடுவது, ராமேஸ்வரம் வருகிறவர்கள் தீர்த்தமாடி முடித்து "அப்புறம் என்ன பார்க்கலாம்" என்று கேட்டால் பதில் சொல்வது, இதெல்லாம் என் பாடு. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது போகவும் சீக்கிரம் போய்விடும் என்பதால் இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஆபீஸுக்கு பெயிண்ட் அடிக்க வந்தவர் அக்காவின் கணவர் காளிராஜ் அண்ணன். அவர் பின்னாலேயே அக்காவும் நொண்டிக்கொண்டு வந்தார். ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு நடு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "அங்கன விட்டுப்போச்சு பாருங்க, மூலையில," என்று மூன்று நாளும் அண்ணனை வேலை வாங்கினார். அண்ணன் ஒரு கட்டத்தில் பிரஷைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, "நீங்களாவது இவளுக்கு ஒரு வேலை குடுங்களேன், எனக்குப் புண்ணியமாப் போகும்," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

நான் அக்காவிடம், பேசாமல் வீட்டில் இருந்து ஓய்வெடுக்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன் தாயி, நாலு நாளு. அஞ்சாம் நாளு வீட்டுக்குள்ள இருப்பே கொள்ளல," என்றார். பிறகு குரல் இறங்கியது. "கீழக்கரை வீடுகளுக்குப் போவணும்போல இருக்கு. ஆனா என்னன்னு சொல்லிக்கிட்டுப் போறது? கையில பிரஷ் இருந்தா நான் பாட்டுக்கு அடுப்படி வரைக்கும் போவேன். வெறுங்கையோட போயி நின்னா, என்ன செவ்வந்தி, என்ன வேணும்னு கேப்பாங்க. என்ன வேணும்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

காசு கஷ்டமோ என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவல்ல. பிள்ளைகள் இருவரும் சம்பாதிக்கிறார்கள். அக்காவுக்கு அந்த வீடுகள் வேண்டும், அவ்வளவுதான். அந்த நாலைந்து வீடுகளின் உள்வாசல் தனக்கு அடைபட்டுப் போனதாக அக்கா நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா பிறந்தது சிக்கல் என்கிற ஊரில், மிளகாய்த் தோட்டத்துக்காரர் வீட்டில். இருபத்திரண்டு வயதில் திருப்புல்லாணியில் காளிராஜ் அண்ணனுக்கு வாக்கப்பட்டார். அண்ணனுக்குக் கீழக்கரைப் பெரிய வீடுகளில் வெள்ளையடிக்கிற வேலை. ஆனால் முன்கட்டோடு சரி. நடைக் கதவைத் தாண்டினால் பெண்கள் புழங்கும் உள்கட்டு. அங்கே வெளி ஆண்கள் போகக் கூடாது. வீட்டுப் பெண்களே ஆளுக்கொரு மூலையாக எதையோ பூசிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் சல்மா என்கிற புதுப்பெண், "உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்களேன்," என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்படித்தான் அக்கா உள்ளே போனார்.

அதுவரை அக்கா பிரஷைத் தொட்டதில்லை. முதல் நாளே சன்னல் கண்ணாடிக்கும் சேர்த்து வெள்ளையடித்துவிட்டார். சல்மாவுக்கு அப்போது இருபது வயது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் மாப்பிள்ளை துபாய்க்குப் போயிருந்தார். கண்ணாடியைப் பார்த்து அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பெரியம்மாவும் பெற்ற உம்மாவும் ஓடி வந்தார்களாம். மாப்பிள்ளை போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம் என்றார்களாம். அந்த வருடமே மாடியறையின் நீலச் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்திருந்தது. அக்கா கொட்டாங்குச்சிகளில் எட்டு விதமாக நீலம் கலக்கி, ஒவ்வொன்றையும் கதவுக்குப் பின்னால் பூசிப் பார்த்து, காய்ந்ததும் தள்ளிப் போய் நின்று பார்த்து, மூன்றாம் நாள் அதே நீலத்தைக் கொண்டுவந்துவிட்டார். அதிலிருந்து வருடா வருடம், நோன்புக்கு முந்தின மாதம் அக்காவுக்கு அந்தத் தெருவில்தான் குடித்தனம்.

பழைய சுண்ணாம்புதான் உசத்தி என்றெல்லாம் அக்காவிடம் பேச முடியாது. "எமல்ஷன் வந்தப்ப நான் சாமிக்குத் தேங்கா ஒடச்சேன். கையி வேகாது, மூக்கு எரியாது," என்பார்.

இனி எங்கள் டூருக்கு வருகிறேன். கீழக்கரையில் பழைய வீடுகளைப் பற்றி அக்கறையுள்ள சிலர் ஒரு கமிட்டி வைத்திருக்கிறார்கள். அதன் தலைவர் நெய்னா முகம்மது சார். இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டு, ஆறு வருடத்துக்கு முன் ஊரோடு வந்துவிட்டவர். சல்மாவின் மாப்பிள்ளை அவர்தான். கிறிஸ்துமஸ் தொடங்கிப் பத்து நாள் அரையாண்டு விடுமுறைக்கு, தினமும் ஒரு வேன் ஆட்கள், ஐந்து பழைய வீடுகள், கடைசியில் கீழக்கரை இனிப்பான தொதலில் ஒரு துண்டு, இதுதான் அவருடைய யோசனை. நல்ல யோசனைதான். வீடுகளைப் பற்றி ஏழு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்தார். டைப் அடித்தது நான். விளக்கிச் சொல்ல வசந்தகுமார் என்ற பையனைப் பிடித்தோம். வரலாற்றில் எம்.ஏ., கணீரென்ற குரல், இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கர்.

டிசம்பர் முதல் ஞாயிறு ஒரு ஒத்திகை வைத்துப் பார்த்தோம். வசந்தகுமார் முன்கட்டில் தூண்களையும் கதவு வேலைப்பாட்டையும் பிரமாதமாகச் சொன்னான். நடைக் கதவு வந்ததும் நின்றுவிட்டான். "இதற்கு அப்பால் விசாலமான முற்றம் உள்ளது," என்று மூடிய கதவைப் பார்த்துக் கையைக் காட்டினான். வந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரமக்குடியிலிருந்து வந்த ஒரு அம்மா, "தம்பி, நீங்க அந்த முத்தத்தப் பாத்துருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றான். "பொறவு எதுக்கு எங்களுக்குச் சொல்றீங்க?" என்றார் அவர். ஐந்து வீட்டிலும் இதே கதை. மனிதர்கள் வாழ்ந்தது எல்லாம் உள்ளே இருக்க, நாங்கள் செருப்பு விடுகிற இடத்தைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் எனக்குப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி அக்கா ஞாபகத்துக்கு வந்தார். நெய்னா சாரிடம் சொன்னேன். ஆண்களுக்கு வசந்தகுமார், நடைக் கதவோடு முடியட்டும். பெண்களை அக்கா உள்ளே கூட்டிப்போகட்டும். போட்டோ கிடையாது, வீட்டுப் பெண்கள் சம்மதித்த அறைகள் மட்டும்.

"வெள்ளையடிக்கிற அம்மாவா?" என்றார் சார். "படிச்ச பொண்ணாப் பாருங்களேன்மா."

"படிச்ச பொண்ணுக்கு உங்க வீட்டு உள்கட்டு தெரியுமா சார்?" என்றேன். கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். சார் தாடியைத் தடவினார். பிறகு, "இன்ஷா அல்லாஹ், பாப்போம்," என்றார்.

அக்காவிடம் சொன்னபோது அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "பேச வருமா எனக்கு?" என்றார். மூன்று நாள் ஆபீஸில் வாய் ஓயாமல் பேசியவர் கேட்கிற கேள்வியா இது. சிரித்துவிட்டேன். ஏழு பக்கக் குறிப்பையும் கையில் கொடுத்தேன். காளிராஜ் அண்ணன் தினமும் சாயங்காலம் வாசித்துக் காட்டியிருக்கிறார். முன்கட்டு முடிந்து உள்கட்டுப் பக்கம் வந்ததும் அக்கா தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டார். "இது எனக்குத் தெரிஞ்ச எடந்தானே, இதுக்கு எதுக்குப் படிப்பு," என்றாராம். வினை அந்த மடிப்பில் இருந்தது. அந்தப் பக்கத்தை டைப் அடித்தவளும் நான்தான், நீலம் கலக்கிய கதையை அக்கா வாயால் கேட்டவளும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை.

முதல் நாள் அமோகமாக நடந்தது. நெய்னா சார் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அக்கா கத்தரிப்பூ நிறச் சேலையில், தலை நிறையப் பூவோடு வந்தார். பெண்களைக் கூட்டிக்கொண்டு முதல் வீட்டின் நடையைத் தாண்டினார். நானும் போனேன்.

"இந்த ஊர்ல வீடு பொம்பளப் பிள்ளைக்கு," என்று ஆரம்பித்தார். "கலியாணம் ஆனா மாப்பிள்ளதான் இங்கன வருவாரு, பொண்ணு எங்கயும் போறதில்ல. இந்தக் கூடத்துல நாலு தலமொற அக்கா தங்கச்சிக உக்காந்து பேசிருக்காங்க. செவத்துல சாஞ்சு சாஞ்சு, எண்ணெத் தல பட்டு, இந்த எடத்துல மட்டும் பெயிண்ட் ஒட்டவே ஒட்டாது. இருவத்தாறு வருசமாப் பாக்கேன். யாரு எங்கன உக்காருவாங்கன்னு எனக்குத் தெரியும். இது பெரியம்மா, இது சின்னம்மா, இந்தச் சின்னக் கறை பக்கத்து வீட்டுக்காரவுக, தெனமும் வருவாக."

கூட வந்த பெண்கள் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்தக் கறைகளைப் பற்றி ஏழு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

பிறகு அக்கா பின்கதவைத் திறந்து எங்களைப் பெண்கள் சந்துக்குக் கூட்டிப்போனார். ஒரு ஆள் அகலம், இரண்டு பக்கமும் உயர்ந்த மதில். தெருவுக்கு வராமலேயே பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற வழி. ஐந்து வீடுகளையும் தெருவில் கால் வைக்காமல் பார்த்து முடித்தோம். கடைசியாக நெய்னா சார் வீட்டில் அக்கா எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப்போனபோது நான் மட்டும் வேனைப் பார்க்க முன்கட்டுக்கு வந்துவிட்டேன். வழியில் எந்த வீட்டில் மீன் பொரிக்கிறார்கள் என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றே அக்கா சொன்னார். சொன்னது சரியாக இருந்தது. ஒரு வீட்டில் அடுப்படிக் கதவைத் தட்டிச் சூடாக ஆளுக்கொரு துண்டு வாங்கியும் கொடுத்துவிட்டார். ஆண்கள் பாவம், முன்கட்டில் உட்கார்ந்து உள்ளிருந்து வரும் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்களுக்கு மட்டும் ஏன் தூண்?" என்று ஒருவர் வசந்தகுமாரிடம் கேட்டாராம்.

அன்று சாயங்காலம் அக்கா ஆபீஸுக்கு வந்து, முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வலிக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடமும் உண்டா என்று இரண்டு தரம் கேட்டார்.

இரண்டாம் நாள் நெய்னா சார் வந்தார். தன் வீட்டு முறை வந்ததும் வசந்தகுமாரை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தானே பேசினார். நடைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஆண்கள் கூடி நின்றார்கள். நானும் அன்று வெளியில்தான் நின்றேன்.

"மாடியில் ஒரு நீல அறை இருக்கிறது. மாப்பிள்ளை அறை என்பார்கள்," என்றார் சார். மேடைப் பேச்சு மாதிரி அழகாகச் சொன்னார். "அந்த நீலம் கப்பலில் வந்த கல்லைப் பொடித்துப் பூசியது. இருநூறு வருடமாக ஒரு பிரஷ் அதன்மேல் பட்டதில்லை. நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த அன்றே சொல்லிவிட்டேன், இதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று. நான் துபாயிலிருந்து ஒவ்வொரு தடவை வரும்போதும் அந்த நீலம் அப்படியே இருக்கும். நிறம் ஒரு இழை மாறியதில்லை. அந்தக் காலத்துக் கைத்திறன் அப்படி."

டைப் அடித்த வரியும் கொட்டாங்குச்சியும் அப்போதுதான் மண்டையில் ஒன்றாகச் சேர்ந்தன. சட்டென்று உள்ளே ஓடலாமா என்று நினைப்பதற்குள் நடைக் கதவு திறந்தது. பெண்கள் வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவர் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு டீச்சர். நேரே சாரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், உங்க நீல ரூம் அவ்வளவு அழகு. வருஷா வருஷம் செவ்வந்தி அக்காதான் அடிக்கிறாங்களாமே. என்ன மேட்சிங் சார். எங்க ஸ்கூலுக்கு ரெண்டு வருஷத்துல மூணு நீலம் அடிச்சுட்டாங்க."

பின்னால் ஒருவர் சிரித்தார், அதன்பின் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனசோடு அல்ல. ஆனால் சாருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது. செவ்வந்தி அக்கா கடைசியாக, நிலையைப் பிடித்து மெதுவாக வெளியே வந்தார். எல்லோரும் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வந்தது. "நாளையிலருந்து அந்தம்மா வேணாம். கமிட்டில பேசியாச்சு. உள்கட்ட வீடியோ எடுத்து செல்போன்ல காட்டிக்கலாம்," என்றார் சார். நான் கத்தினேன். கத்தி என்ன பயன், அவர் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தார்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. விஷயத்தை முழுவதும் சொன்னேன்.

"அது ரகசியம்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே தாயி," என்றார். "அங்கன உள்ள பொம்பளைக எல்லாருக்கும் தெரியும். சல்மாம்மா பக்கத்துல நின்னுதானே அடிக்கச் சொல்லும். அவரு ஊருக்கு வந்த பொறவும், நோன்புக்கு முந்தி அவரைச் சென்னையில மக வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் அடிப்போம். வெள்ளையடிக்கையில ஆம்பளைக காலுக்குள்ளயும் கைக்குள்ளயும் வருவாகன்னு அனுப்புறாகன்னு நெனச்சேன்."

பிறகு கேட்டார், "என்னால அவுக வீட்டுல சண்டையா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். "அப்ப இனிமே அந்தத் தெருப் பக்கமே நான் போக முடியாது," என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உருப்படியாக ஒரு நல்லது செய்யப்போய், இருந்த கதவையும் அடைத்துவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு வேன் வந்தது. இருபத்து நாலு பேர். முதல் வீட்டில் தூண் பார்த்தார்கள், கதவு பார்த்தார்கள். உள்ளே இருக்கும் சின்னப் பெண் நடைக் கதவைத் திறந்து செல்போனில் எடுத்த வீடியோவைக் கொடுக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. வசந்தகுமார் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. மறுபடி தட்டினான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. சரி என்று அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கேயும் தாழ்ப்பாள். மூன்றாவது வீட்டிலும் அப்படியே. நாலாவது வீட்டுக்காரர் கமிட்டியில் பொருளாளர். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் இல்லாமல் எங்களைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

ஐந்தாவது நெய்னா சார் வீடு. சார் நடைக் கதவில் விரலால் சுண்டினார்.

"சல்மா, கதவத் தொறம்மா. ஆளுக நிக்கிறாங்க."

"செவ்வந்தியக்கா வந்துருக்காகளா?" உள்ளேயிருந்து நிதானமான குரல்.

"அவங்க வரல. வசந்தகுமார் தம்பி இருக்காரு."

"அவரு உள்ள வரக்கூடாதே."

"அப்ப நீ காட்டு."

"எனக்கு வெளியாளுக முன்னால பேச வராது. வீடு எங்க உம்மா எனக்கு எழுதிக் குடுத்தது. யாரு சுத்திக் காட்டணும்னு நான்தானே சொல்லணும். விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு நாலு வீட்டுக்கும் சந்து வழியாப் போய்ப் பேசிட்டு வந்துட்டேன். அவுகளும் அதத்தான் சொல்றாக. செவ்வந்தியக்கா வரட்டும்."

சார் ஒரு தரம் திரும்பி எங்களைப் பார்த்தார். இருபத்து நாலு பேரும் சட்டென்று தூண் வேலைப்பாட்டில் ஆழ்ந்துபோனார்கள். அவர் கதவுக்கு இன்னும் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தி என்ன, அந்த நடையில் ஊசி விழுந்தால் கேட்கும்.

"அந்த நீலத்த ஏன் எங்கிட்ட நீ சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீங்க போன மொத வருசமே உப்புப் பூத்து உதிந்துருச்சு. வந்து பாத்தா மனசு கஷ்டப்படுவீகன்னு அடிக்க வச்சேன். நீங்க வந்து அந்த அறையில நின்னு, மாஷா அல்லாஹ், அப்படியே இருக்குன்னு சந்தோசப்பட்டீக. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வாரீக, நாப்பது நாள் இருக்கீக. அந்தச் சந்தோசத்தக் கெடுக்க எனக்கு மனசு வரல. பொறவு அதுவே பழகிப்போச்சு."

சார் கதவில் கை வைத்தபடியே நின்றார். முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. தாடியைத் தடவினார், தொண்டையைச் செருமினார். பிறகு என்னிடம் திரும்பி, "திருப்புல்லாணி வீடு தெரியுமாம்மா உங்களுக்கு?" என்று கேட்டார். ஆட்களுக்குத் தொதல் கொடுத்து உட்கார வைக்கும்படி வசந்தகுமாரிடம் சொல்லிவிட்டு, அவரே காரை எடுத்தார்.

அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார். சார் உட்காரவில்லை.

"நான் சொன்னது தப்புங்களா சார்?" என்றார் அக்கா.

"தப்பு இல்லம்மா. இருவத்தாறு வருசமா எனக்குத் தெரியாமக் கெடந்தேன் பாருங்க, தப்பு அதுதான்," என்றார் சார். "நேத்து கோவத்துல வேணாம்னு சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. வாங்க, உங்களக் கூட்டிட்டு வராம என் வீட்டுக்கே என்னால போக முடியாது."

அதைக் கேட்டு உள்ளேயிருந்து காளிராஜ் அண்ணன் சிரித்த சத்தம் வந்தது. அக்கா கையைக் கழுவி, சேலை மாற்றி, ஐந்து நிமிடத்தில் காரில் ஏறிவிட்டார். பாதி வழியில் சார் கண்ணாடியில் பார்த்து, அந்த நீலத்தை எப்படிக் கலக்குவீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். "அதெல்லாம் சொல்ல முடியாதுங்க சார்," என்றார் அக்கா. சார் தலையாட்டிக்கொண்டார்.

நடைக் கதவு திறந்தது. பெண்களோடு நானும் உள்ளே போனேன். கூடம், அடுப்படி, சாமான் அறை என்று காட்டிவிட்டு, ஒவ்வொரு படியாகக் கைப்பிடித்து அக்கா மாடி ஏறினார். நீல அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நானும் அப்போதுதான் அதைப் பார்க்கிறேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் கடல் இருக்குமே, அந்த நீலம். முற்றத்தைத் தாண்டிக் கீழே நடைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சார் நிற்பது சட்டை நுனியில் தெரிந்தது. அக்காவும் அதைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

"இது மாப்பிள்ள அறை," என்றார் அக்கா, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க. "இந்த நீலம் மாப்பிள்ளைக்குப் புடிச்ச நீலம். அவரு கடலத் தாண்டிப் போயிருந்தாரு. திரும்பி வாரப்ப அவரு விட்டுட்டுப் போனபடியே இருக்கணும்னு இந்த வீட்டுப் பொண்ணு ஆசப்பட்டுச்சு. அதுக்காக வருசா வருசம் அடிக்கிறது. வேற கத ஒண்ணும் இல்ல."

கீழே சட்டை நுனி நகரவில்லை. வந்திருந்த பெண்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சல்மாம்மா அறை வாசலில் நின்று முக்காட்டைச் சரிசெய்தார்.

அன்றிலிருந்து மிச்சம் ஏழு நாளும் வேனில் இடம் கிடைக்கவில்லை. வசந்தகுமாரே ஆண்களிடம், "உண்மையான வீடு உள்ளே இருக்கிறது, உங்கள் வீட்டுப் பெண்கள் வந்து சொல்வார்கள்," என்று சொல்லிப் பேச்சை முடிக்கக் கற்றுக்கொண்டான். ஏழு பக்கக் குறிப்பில் நீல அறைப் பத்தியைச் சார் தன் கையாலேயே அடித்துவிட்டு, அக்கா சொன்னதை அப்படியே எழுதினார். மறுபடியும் டைப் அடித்தேன், முணுமுணுக்காமல்.

கடைசி நாள் எல்லோரும் வேனில் ஏறிய பிறகு அக்கா சல்மாம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனார். நானும் கூட நின்றேன். சந்தோஷமான நாள்தான், ஆனால் அக்காவின் முகம் வாடியிருந்தது. நோன்புக்கு முந்தி அண்ணன் முன்கட்டுக்கு வருவார், உள்கட்டுக்கு வேறு பெண் ஆளை ஏற்பாடு செய்வார்கள். டூர் இனி அடுத்த டிசம்பரில்தான். பன்னிரண்டு மாதம் இருக்கிறது.

"வாரேன் சல்மாம்மா," என்றார்.

சல்மாம்மா இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அக்கா உள்ளங்கையில் வைத்தார். சந்துப் பக்கத்துக் கதவின் சாவி. அந்த வழியாக வீட்டுப் பெண்கள் மட்டும்தான் வருவார்கள், போவார்கள்.

"இது எதுக்கும்மா?" என்றார் அக்கா. "டூரு முடிஞ்சுபோச்சே. இனிமே எனக்கு இங்கன என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல," என்றார் சல்மாம்மா. "சும்மா வாங்க."

அக்கா சாவியை முந்தானையில் முடிந்தார். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி முடிந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேன்காரர் ஹாரன் அடித்தார். நாங்கள் இருவரும் முன்வாசலுக்குத் திரும்பினோம். இரண்டு எட்டு வைத்த அக்கா நின்றார். என்னை மட்டும் முன்னால் போகச் சொல்லிவிட்டு, அவர் சந்து வழியாகப் போனார்.